பாசி எடுக்கும் பெண்களுக்கே முதலிடம்

ஐயா,

கடற்பாசி வளர்ப்பை ஊக்குவிப்பதற்கான ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூர் கடற்பாசிப் பூங்கா பற்றிய தங்கள் நாளிதழ்ச் செய்தியைப் படித்தேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி பாறைகளில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துத் தீர்ப்பதைவிட, மூங்கில் மிதவைகளில் 45 நாளில் சிவப்புப் பாசி வளர்த்து அறுப்பது கடலுக்கும் நல்லது, பெண்களின் உடம்புக்கும் நல்லது. என் தாயார் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுத்தவர்; மாலையில் ஈரத்துணியை அவிழ்த்தால் பாறை கீறிய இடமெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும்.

ஆனால், மிதவைகளில் வளர்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறைகள்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். எனவே, நம் கடலுக்கே உரிய கஞ்சிப்பாசிக்குத் தரமான விதைப்பாசியை அரசு வழங்கட்டும்; மிதவை மானியத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்கே முதலிடம் தரட்டும்.

– ஒரு வாசகி, பாம்பன்