21 அல்ல, 31

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதப் பயணச் சிறப்பிதழை விளம்பரம்கூட விடாமல் வாசித்தேன். ஏ. கே. செட்டியாரை முதலில் வைத்ததில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. நான் எழுத உட்கார்ந்தது அந்த இதழின் மிகச் சிறிய கட்டுரையைப் பற்றி. அயர்லாந்துப் பயண எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். 'பயமறியாப் பறவை' என்று தலைப்பு. '21 வயதில் கியர் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டவர்' என்று முதல் வரி.

அந்த ஒரு வரியில் மூன்று தவறுகள். சைக்கிளில் கியர் இல்லை. இருந்ததை அவரே கழற்றச் சொல்லிவிட்டார், ஆசியாவின் சாலைகளுக்கு அது தாங்காது என்று. புறப்பட்டதும் உலகைச் சுற்ற இல்லை, இந்தியாவுக்கு வர. சரி, இவை போகட்டும். வயதைத்தான் என்னால் விட முடியவில்லை. அவர் 1931 நவம்பர் 28 அன்று பிறந்தவர். கிளம்பியது 1963 ஜனவரியில். அப்போது வயது 31.

பத்து வருடத்தில் என்ன வந்துவிட்டது என்று தோன்றலாம். அந்தப் பத்து வருடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர் பிறந்தது அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற சிறிய ஊர். அப்பா மாவட்ட நூலகர். (நானும் கிளை நூலகத்தில் 27 வருடம் குப்பை கொட்டியவள் என்பதால் இதில் எனக்கொரு தனிச் சந்தோஷம்.) பத்தாவது பிறந்தநாளுக்குப் பெற்றோர் ஒரு பழைய சைக்கிள் கொடுத்தார்கள், தாத்தா ஒரு பழைய அட்லஸ் கொடுத்தார். சில நாள் கழித்து ஒரு மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறும்போது தன் கால்களைப் பார்க்கிறாள் சிறுமி. இப்படியே மிதித்துக்கொண்டே போனால் இந்தியா போய்விடலாமே! யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் சிரித்து, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று தெரியும்.

அம்மாவுக்கு முடக்குவாதம். 14 வயதில் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்தவர், ஏறக்குறைய 16 வருடம் அங்கேயே இருந்தார். நடுநடுவே சில வாரங்கள் சைக்கிளில் வேல்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் என்று போய்வந்ததுண்டு. போகச் சொன்னதே அந்த அம்மாதான். மற்றபடி ராத்திரி பகலாக நோயாளியின் பக்கத்தில். 1961-இல் அப்பா போய்ச் சேர்ந்தார், 1962-இல் அம்மா. அதற்கு அடுத்த ஜனவரியில் சைக்கிளை எடுத்துவிட்டார். பத்து வயதில் நினைத்ததை முப்பத்தொன்றில் செய்திருக்கிறார். உங்கள் கட்டுரையாளருக்கு அந்த 21 எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் காத்திருந்த வருடங்கள்தான் 21!

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் மாமியார் பக்கவாதத்தில் ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தார். பகலில் ஓர் அக்கா வந்து பார்த்துக்கொள்வார். ராத்திரி என் பொறுப்பு. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. நடுவில் கண்ணயர்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்ற பயத்தில் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பேன். டப்ளினில் வேலை பார்க்கும் தங்கை மகன் லீவில் வந்தபோது கொண்டுவந்து போட்ட புத்தகம் 'ஃபுல் டில்ட்'. 1965-இல் வெளிவந்த மர்ஃபியின் முதல் புத்தகம். மகனின் பள்ளிக்கூட அட்லஸைப் பக்கத்தில் விரித்துவைத்து, விரலாலேயே அவர் பின்னால் போனேன். டன்கிர்க், பெல்கிரேடு, இஸ்தான்புல், டெஹ்ரான், ஹெராத், காபூல்.

அத்தைக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு எனக்குப் புரியும். ஒருநாள் இரண்டு மணிக்குத் திருப்பிப் போடும்போது, "அந்தச் சைக்கிள்காரி எங்க வரைக்கும் வந்திருக்கா?" என்று கேட்டார். துருக்கியைத் தாண்டப் போகிறாள் என்றேன். "ராத்திரி எங்க படுப்பா?" போலீஸ் கொட்டடியில், டீக்கடைத் தரையில், கிடைத்த இடத்தில் என்று சொன்னேன். அத்தைக்கு அது சரிப்படவில்லை. "கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா?"

இருக்காது. துருக்கியின் கிழக்குக் கோடியில் அப்படியொரு தாழ்ப்பாள் இல்லாத அறையில்தான் நடுராத்திரி விழித்துப் பார்க்கிறார், போர்வையைக் காணோம், ஓர் ஆள் குனிந்து நிற்கிறான். தலையணைக்கடியில் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்துக் கூரையைப் பார்த்துச் சுட்டார். ஆள் ஓடிவிட்டான். அவர் மறுபடி தூங்கிவிட்டார். இதைச் சொன்னபோது அத்தை சிரித்த சிரிப்பில் எச்சில் வழிந்து நான்தான் துடைத்துவிட்டேன்.

உங்கள் கட்டுரையில் துப்பாக்கி வருகிறது, யூகோஸ்லாவியப் பனியில் ஓநாய்கள் பாய்ந்ததும் வருகிறது. எல்லாம் நடந்தவைதான். ஆனால் இவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் அவர் ஒரு சினிமாக் கதாநாயகி ஆகிவிடுகிறார். புத்தகத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். பத்தி பத்தியாக வருவதெல்லாம் வேறு: யார் வீட்டில் என்ன சாப்பிட்டார், எந்த ஊரில் என்ன விலை, ஆப்கானிஸ்தானில் எவ்வளவு மரியாதையாக நடத்தினார்கள். அதே ஆப்கானிஸ்தானில்தான் பேருந்தில் யாரோ இருவர் சண்டையில் துப்பாக்கிக் கட்டை தவறிப் பட்டு இவர் விலா எலும்புகள் முறிந்தன. அதற்காக அந்த நாட்டின் மேல் அவருக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. எத்தனை அலுப்பானாலும் அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதி, ஊரில் இருந்த நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டே வந்தார். புத்தகம் அந்த நாட்குறிப்புதான். ஐரோப்பாவில் பல வருடங்களாகக் காணாத குளிரில் கிளம்பியவர் ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். வந்தவர் ஊர் சுற்றிப் பார்க்கவில்லை. தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சிரங்கும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்த குழந்தைகள். நோயாளியைப் பார்த்துக்கொள்வது அவர் கைக்குப் பழகிய வேலைதானே.

'பயமறியாப் பறவை' என்ற தலைப்பை அவரே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று சொல்ல வந்தேன். யோசித்தால் ஒப்புக்கொண்டிருப்பார், ஆனால் பாராட்டாக அல்ல. பயமே இல்லாதவருக்குத் தைரியம் தேவையில்லை, பயப்படுகிறவருக்குத்தான் அது வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் தன்னைத் தைரியசாலி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எனக்கென்னவோ, அவருடைய தைரியத்தைத் தேட வேண்டிய இடம் 1979-இல் வந்த தன்வரலாறு, 'வீல்ஸ் வித்தின் வீல்ஸ்'. படுக்கையில் கிடக்கும் அம்மா மேல் வந்த ஆத்திரத்தையும், வீடே சிறையாகிப்போன கடைசி வருடங்களையும் மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஓநாயைச் சுட்டதை எழுதுவது சுலபம். இதை நம்மில் யார் எழுதுவோம்? நான் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்திலேயே எனக்கு வந்த கோபங்களை விட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திருமணம் செய்துகொள்ளாமல் 1968-இல் ஒரு பெண்குழந்தையைப் பெற்று, கத்தோலிக்க அயர்லாந்தில் தனியாளாக வளர்த்தார். ரேச்சல் என்ற அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது ஆகும் சமயத்தில் கூட்டிக்கொண்டு மறுபடி இந்தியா வந்தார். மும்பை, கோவா, குடகு என்று வந்து, கன்னியாகுமரி வரை இறங்கினார்கள். நம் பக்கத்துக்கு வந்தவர் என்பதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை! 1976-இல் வந்த குடகுப் புத்தகத்தில் கன்னியாகுமரியும் தமிழ்நாட்டுக் குடும்ப வாழ்க்கையும் வருகின்றன. அதே குழந்தையோடு ஒரு குளிர்காலம் பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியான பல்திஸ்தானில். பிறகு பெருவில் ஹுவானா என்ற கோவேறு கழுதையோடு ஆண்டிஸ் மலைத்தொடரில் 1,300 மைல். அதற்குப் பின் மடகாஸ்கர், கேமரூன், சைபீரியா. பேத்திகளோடு கியூபா. எண்பதை நெருங்கும்போது காஸா. கார் ஓட்டக் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. 2022 மே மாதம் லிஸ்மோரிலேயே, 90 வயதில் காலமானார்.

எங்கெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் போகிறார்கள் என்று வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதற்கு எதிர்த்திசையில் போங்கள் என்பது அவர் சொன்ன யோசனை. உங்கள் சிறப்பிதழின் 'கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்' பகுதியை அந்த வகையில் வெட்டி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அத்தை போய் நாலு வருடம் ஆகிறது. அட்லஸில் டன்கிர்க்கிலிருந்து டெல்லி வரை பென்சிலால் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. அதில் இரண்டு இடத்தில் அத்தையின் மருந்துக் கறை. சென்ற வாரம் என் பேத்தி உங்கள் இதழைப் புரட்டிவிட்டு, "ஆச்சி, இவங்களுக்கு 21-ன்னு போட்டிருக்கே, காலேஜ் முடிச்சதும் கிளம்பிட்டாங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதால்தான் இந்தக் கடிதம். அச்சுப்பிழையாகவே இருந்தாலும் அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டுவிடுங்கள். 21 அல்ல, 31.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தென்காசி.