வீட்டிலேயே குணமானேன்: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். என் காசநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டது. கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. ஆறு மாதமும் என் வீட்டில், என் பிள்ளைகளோடு இருந்தே குணமானேன். அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நன்றி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து லேப் தம்பிக்கு. டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, "எச்சில் வேண்டாம் அக்கா, சளி வேண்டும். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள்" என்று தானே இருமிக் காட்டினார். அந்தச் சளியில்தான் நோய் பிடிபட்டது.

அப்புறம் ஹெல்த் விசிட்டர் அக்கா. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடத் தோன்றும், அப்படித் தோன்றினால் உடனே போன் போடு என்றார். தோன்றியது, போட்டேன். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். தினமும் முட்டை அவித்துத் தந்த என் மாமியாரையும், தடுப்பு மாத்திரையை முகம் சுளிக்காமல் சாப்பிட்ட என் கணவரையும் பிள்ளைகளையும் எப்படி மறப்பேன்!

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அக்கா சொல்லித்தான் அவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ஒரு காலத்தில் டிபி என்றாலே வீட்டைவிட்டுப் போய் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். தாம்பரம் பக்கத்து ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர்தான் இன்றைக்கும் இருக்கிறது. நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். யார் எங்கே என்பதைக் குலுக்கல் போலவே முடிவு செய்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும். மீதிப் பேருக்கு நெருக்கடியான வீட்டில், கிடைத்த சாப்பாட்டோடு சிகிச்சை. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்று.

வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீர் வாங்கிப் பார்ப்பார்கள். நோயோடும் வறுமையோடும் இருக்கிற ஒரு குடும்பம் இதற்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டதே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டு நோயாளியால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதையும் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து உறுதி செய்தார்கள். உலகம் முழுக்க டிபி நோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற துணிவு இதிலிருந்துதான் வந்தது. என் பிள்ளைகளை நான் பிரியாமல் இருந்தது அந்த நோயாளிகளால்தான்.

ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கும் நன்றி. நோயாளியின் வீட்டாருக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே ஓர் ஆய்வு நடந்தது. 2023-ல் முடிவு வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. என் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "சோறும் மருந்துதான்னு நான் சொன்னா கேட்டியா?" என்றார்.

எங்கள் தெருக்காரர்களே, நீங்கள் யாரும் என்னை ஒதுக்கவில்லை. உங்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கூச்சப்படாமல் என்னிடம் சொல்லுங்கள். லேப் தம்பியிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.