லாக் கணக்கில் கைகொடுத்த கூட்டத்துக்கு

மக்களே, அந்த இன்டக்ரல், அதாவது தொகையிடல் கணக்கு, ஒருவழியாக முடிந்தது. விடை பை/8 பெருக்கல் லாக் 2 (லாக் எல்லாமே இங்கே இயல் மடக்கை, அடிமானம் e), சுமார் 0.2722. உங்களில் பாதிப் பேருக்கு இது முன்னாடியே தெரியும். தெரிந்தும் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்தீர்களே, இந்த மடல் அதற்குத்தான்.

கணக்கு இது: மேலே லாக் (1+எக்ஸ்), கீழே 1+எக்ஸ் ஸ்கொயர், 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். அமெரிக்க, கனடா கல்லூரி மாணவர்களுக்கான பட்னம் கணிதப் போட்டியில் 2005-இல் ஏ5 என்ற கேள்வியாக வந்தது. பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் பகுதித் தொகையிடலில் இறங்கினால் லாக் போய் டேன் இன்வர்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுவும் அதே அளவு படுத்தும்.

"கீழ என்ன இருக்குன்னு பாரு, அப்புறம் எல்லையப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போன அண்ணாவுக்குத்தான் முதல் நன்றி. எக்ஸ் = டேன் தீட்டா என்று போட்டதும் கீழே இருந்தது அப்படியே அடிபட்டு, லாக் (1+டேன் தீட்டா) மட்டும் 0 முதல் பை/4 வரை மிஞ்சியது. அட, இது பிளஸ் டூ கணக்கு! தீட்டாவுக்குப் பதில் பை/4 கழித்தல் தீட்டா போட்டால் 1+டேன் தீட்டா என்பது 2/(1+டேன் தீட்டா) ஆகிவிடும், லாக் எடுத்தால் லாக் 2 கழித்தல் பழைய லாக், ஆக நாம் தேடும் தொகையே மைனஸ் குறியோடு வலப்பக்கம் வந்து நிற்கிறது. அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் அந்தத் தொகையின் இரண்டு மடங்கு = பை/4 லாக் 2, அவ்வளவுதான்.

நான் நம்பாமல் முழித்தபோது பரப்பைப் பட்டைகளாக வெட்டித் தோராய விடை காணும் சிம்சன் விதியில் வெறும் இரண்டு பட்டை போட்டு 0.274 என்று காட்டிய தங்கச்சிக்கும் நன்றி. அந்தக் கிட்டத்தட்ட விடைதான் எனக்குத் தெம்பு.

அப்புறம் நம்ம இயற்பியலாளர் ஃபைன்மனின் ரசிகர். லாக் (1+ஏஎக்ஸ்) என்று ஒரு ஏ-வை நுழைத்து, ஏ-வை வைத்து வகையிட்டு, பகுதிப் பின்னமாகப் பிரித்து, திரும்ப 0 முதல் 1 வரை தொகையிட்டால் அங்கேயும் அதே தொகை மைனஸில் வருகிறது என்று காட்டினார். டேன் வழிதான் அழகு என்பேன், அவர் சண்டைக்கு வருவார், வரட்டும்.

அடுத்தது ரூட் டேன் எக்ஸ். சனிக்கிழமை எல்லாரும் வந்துவிடுங்கள், டீ என் கணக்கு.