ஸ்கேனைத் தள்ளிப்போடாதே, கண்ணம்மா

கண்ணம்மா,

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையேம்மா, இந்த வருஷம் கிட்னி ஸ்கேன் வேண்டாமே" என்று நேற்று போனில் சொன்னாய். புது வேலை, லீவு கேட்கச் சங்கடம், எல்லாம் புரிகிறது. உன்னோடு சண்டை போட மனசு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்து மாதக் குழந்தையாக நீ தூங்கி எழுந்ததும் தலை முன்னால் சாயும், இரண்டு கையும் விரியும், சில நொடி சும்மா இருப்பாய், மறுபடி அதே. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தடவை. வயிற்றுவலி என்றார்கள், திடுக்கிடுகிறாள் என்றார்கள். நான் ஒரு நோட்டில் மணி போட்டு எழுதி வைத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் ஒரு டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் வரும் ஒரு சின்ன விளக்கை உன் காலில் காட்டினார். பகலில் கண்ணுக்கே தெரியாத வெள்ளைத் திட்டுகள், இலை வடிவத்தில், பளிச்சென்று தெரிந்தன. அன்றுதான் ட்யூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற பெயரைக் கேட்டேன், உடம்பில் பல உறுப்புகளில் கட்டிகள் வரும் மரபணு நோய்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஜீன் டெஸ்ட் எடுத்தார்கள், எங்களிடம் இல்லை. டிஎஸ்சி2 ஜீனில் உன்னிடம் புதிதாக வந்த மாற்றம் அது, இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அப்படித்தானாம். அது தெரிந்தும் என்னையே நான் குறை சொல்லிக்கொள்வது நிற்க ரொம்ப நாள் ஆனது. (உனக்குப் பிறக்கும் குழந்தைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு என்பதை நீ பெரியவளான பிறகு சொல்லியிருக்கிறேன். யோசிக்கும் நாள் வந்தால் முதலில் மரபணு ஆலோசகரைப் பார்.)

இந்த நோயில் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு காலத்தில் தொந்தரவு தரும். இதயத்தில் இருந்த கட்டிகள் நீ நடக்கும் முன்பே தானாகச் சுருங்கிவிட்டன. தலை சாய்ந்து கை விரிந்ததே, அந்த வலிப்பு குறைந்துவிட்டது, ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. மூளைக்கு 25 வயது வரை, ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ஒரு எம்ஆர்ஐ, உனக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி. நுரையீரல் பிரச்சினை பெண்களுக்குத்தான் அதிகம் வரும், 18 தாண்டியதும் சிடி ஸ்கேன் எடுத்தோமே, அதற்குத்தான். அதனால் யாராவது கருத்தடை மாத்திரை எழுதினால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ளது வேண்டாம் என்று நீயே சொல்லணும். உன் நோயைக் கேள்விப்பட்டிருக்காத டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சொல்லக் கூச்சப்படாதே.

சிறுநீரகம் மட்டும் வேறு. அதிலுள்ள கட்டியில் ரத்தக்குழாய்களின் சுவர் பலவீனமாக இருக்கும், கட்டி வளர வளர அவை உப்பும், வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அதற்கு முன்னால் வலியே இல்லாமல் இருக்கலாம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின்கூட நார்மலாகவே காட்டலாம். நீ "ஒண்ணுமே இல்லை" என்கிறபோது எனக்கு வயிறு கலங்குவது இதனால்தான். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்துகொண்டே இருந்தால் எவரோலிமஸ் என்ற மாத்திரையை ஆரம்பிப்பார்கள். ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு கிருமியிலிருந்து கிடைத்த மருந்தின் வழியில் வந்தது அது, எங்கோ கடல் நடுவில் யாரோ அள்ளிய மண், நினைத்தால் கண் கலங்கும். வாய்ப்புண் வரும், கொலஸ்ட்ரால் ஏறும், ஆனால் கட்டி சுருங்கும். அது ஆரம்பித்தால் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் ரத்தம் எடுத்த பிறகுதான் மாத்திரை போடணும், இப்போதே மனதில் வைத்துக்கொள்.

பழைய ஸ்கேன் டிஸ்க்குகள் எல்லாம் நீல ஃபைலில் வருஷ வாரியாக இருக்கின்றன, கூரியரில் அனுப்புகிறேன். சிறுநீரக எம்ஆர்ஐ எடுக்கும்போது பழையதையும் கொடு, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வளர்ந்திருக்கிறதா என்று சரியாகத் தெரியும். அன்றைக்கே பிரஷரும் பார்க்கச் சொல்.

ரிப்போர்ட் வந்ததும் வலது பக்கக் கட்டியின் அளவை மட்டும் முதலில் மெசேஜ் பண்ணு, மற்றதை அப்புறம் பேசலாம். அதற்கு முந்தின முறை 22 மில்லிமீட்டர், போன முறை 28.

அம்மா