மண்ணெண்ணெய்க்கு முன் ரேகையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரகத் துப்பாக்கிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கெட்டிக்கும் மரக்கோலை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் முறியாது என்கிறது. அதை நம்பிக் கோலை அழுத்துபவரின் கைக்குத்தான் ஆபத்து.

கோல் முறிய முதல் காரணம் ரேகை, அதாவது மரத்தில் நார் ஓடும் போக்கு. மில்லில் அறுத்துக் கடைந்த உருளைக் கம்புகளில் ரேகை கோலின் போக்கிலேயே ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறிவிடுவதுண்டு. அழுத்தும்போது அந்த இடம்தான் விட்டுக்கொடுக்கும். அதுவும் குறுக்கே ஒடியாது. சாய்வாகப் பிளந்து, கூர்முனை உள்ளங்கையில் ஏறும். அப்படிப்பட்ட கோலை எந்த எண்ணெயில் போட்டும் பயனில்லை. ஹிக்கரி என்னும் உறுதியான மரத்தை ரேகையோடு பிளந்து செதுக்கிய கோலே நல்லது. வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள்: ரேகைக்கோடு முனைக்கு முனை ஓடவேண்டும்.

முனையில் பித்தளைப் பூண் போடுவதானால் எண்ணெய் பூசுமுன் போட்டுவிடுங்கள். எண்ணெய் குடித்த மரத்தில் பசை பிடிக்காது. பசையை மட்டும் நம்பினால், கோலால் குழலைத் துடைக்கும்போது பூண் கழன்று குழலுக்குள் தங்கிவிடும். பூணோடு சேர்த்து மரத்தையும் குறுக்கே துளையிட்டு ஒரு சிறு ஆணி அறைந்து, இருபுறமும் சமமாக ராவிவிட வேண்டும்.

மண்ணெண்ணெயில் வாரக்கணக்கில் ஊறவைப்பது பழைய பழக்கம். கோல் வளைந்து கொடுக்கும் என்பார்கள். மரத்தின் வலு கூடிவிடாது. பூசுவதற்குக் கடையில் ‘பாயில்ட் லின்சீட் ஆயில்’ என்று கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மேல். 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, முதல் பூச்சை டர்பன்டைனுடன் சரிபாதி கலந்து தடவி, 20 நிமிடத்தில் மிச்சத்தை வழித்துத் துடையுங்கள். துடைக்காவிட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒருநாள் காய்ந்தபின் தனி எண்ணெயில் இன்னும் இரண்டு மூன்று பூச்சு. மரம் ஒரேயடியாக உலர்ந்து நொறுங்கும் பதத்துக்குப் போகாமலிருக்க அது உதவும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்; வெளியில் விரித்துக் காயவையுங்கள்.

இத்தனையும் செய்தாலும் பிடி தவறினால் கோல் முறியும். நுனியைப் பிடித்து ஒரே மூச்சில் தள்ளுவதுதான் பலர் செய்யும் தப்பு. இடையில் நீளும் கோல் வில்லாக வளைகிறது. குழல்வாய்க்கு மேலே ஒரு சாண் விட்டுப் பிடித்து, சிறிது சிறிதாக நேராக இறக்க வேண்டும். ஈயக்குண்டு இறுகி நின்றால் கோலின்மேல் பலத்தைக் காட்ட வேண்டாம். பெரும்பாலும் முந்தைய வெடிப்புகளின் கரி படிந்திருக்கும், அல்லது குண்டைச் சுற்றிய துணி தடிமனாக இருக்கும். ஒவ்வொரு முறை சுட்டபிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைத்தால் கரி சேராது, உள்ளே கனல் இருந்தாலும் அணையும். கெட்டிக்கும்போது முகமோ உடம்போ குழல்வாய்க்கு நேரே இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்