விளக்கைத் திறக்கும் பையன்

பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன் ஆங்கில வகுப்பில் விளக்கைப் போடுவதற்கு 'ஓப்பன் த லைட்' என்று எழுதுகிற சீனப் பையன் நாலு தடவை சொல்லியும் மாறவில்லை என்று சலித்துக்கொண்டாயே, அவன் மேல் தப்பே இல்லை அம்மா. நீ வாங்கித் தந்த சீன அகராதியில் காலையில் 'ஓப்பன்' என்பதற்கான சொல்லைத் தேடினேன். 'கை' என்று நம் கை மாதிரியே ஒலிக்கிறது. கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது எல்லாம் அந்த ஒரே 'கை'தான். அத்தனைக்கும் ஓப்பன் என்று ஒற்றை அர்த்தம் படித்த பிள்ளை வேறு எப்படி எழுதுவான்?

நம் ஊரில் லைட்டைப் போடு, டீ போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு என்கிறோம். என் வகுப்பில் 'புட் த லைட்' என்று எழுதிய ஒருவனை முட்டி போட வைத்தேன். அவன் தமிழில் சரியாகத்தான் யோசித்திருக்கிறான் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இன்னும் வருத்தமாக இருக்கிறது.

நீ ஒன்று செய். 'கை' என்ற அந்தச் சீனச் சொல்லின் பழைய எழுத்தைப் போர்டில் பெரிதாக எழுது. இரண்டு பக்கமும் கதவு, நடுவில் தாழ்ப்பாள், கீழே அதைத் தூக்கும் இரண்டு கைகள். 1950களில் சீனாவில் எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவை எடுத்துவிட்டார்கள், அதனால் இன்றைய பிள்ளைகள் எழுதும் எழுத்தில் கதவே கிடையாது. கதவை வரைந்து காட்டி, மூடிக் கிடக்கிற பொருளுக்குத்தான் ஓப்பன் என்று சொல்: பெட்டி, கண், வாய், குடை. விளக்குக்கு டர்ன் ஆன், காருக்கு டிரைவ். கூட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், 'ஓப்பன் எ மீட்டிங்' ஆங்கிலத்திலும் உண்டு, ஆனால் அது தொடங்கி வைப்பது, முழுக் கூட்டத்தையும் நடத்துவதற்கு ஹோல்ட்.

அப்புறம், கடை மூடியிருந்தால் 'க்ளோஸ்ட்', திறந்திருந்தால் வெறும் 'ஓப்பன்'. ஒன்றுக்கு வால் இருக்கிறது, மற்றதற்கு இல்லை, அதனால்தான் 'த ஷாப் இஸ் ஓப்பன்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேயும் அதே தப்பைத்தான் முப்பது வருஷம் திருத்தினேன்.

கொதித்த தண்ணீருக்கும் 'கை ஷுவெய்' என்று அதே சொல்தானாமே. தொண்டை கட்டியிருக்கிறது என்றாய், வகுப்புக்குப் போகும்போது ஃபிளாஸ்கில் அதையே சூடாக எடுத்துப் போ.

அப்பா