தெருவுக்கு வருமுன்பே தடுக்கும் கடமையைச் சட்டமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோவில் அன்னதானக் குழுவினரும் வட்டாரக் குடியிருப்பாளர்களும்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மாண்புமிகு மாகாண அமைச்சர் அவர்கள்,
மனிதக் குடியிருப்புத் துறை,
குவாசுலு-நட்டால் மாகாண அரசு.

படி: எத்தெக்வினி (டர்பன்) மாநகர முதல்வர் அலுவலகம், மாகாணச் சுகாதாரத் துறை, மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறை.

பொருள்: வீடு இழக்கும் நிலையில் இருப்பவர்களை முன்கூட்டியே கண்டறிந்து உதவுவதை எல்லா அரசு அலுவலகங்களுக்கும் சட்டக் கடமையாக்குதல் தொடர்பாக.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் சாட்ஸ்வொர்த்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் கோவிலில் வெள்ளிக்கிழமைதோறும் அன்னதானம் நடக்கிறது. வீடற்றவர்களுக்கென்று தொடங்கியது அல்ல அது. ஆனால் சில ஆண்டுகளாக வரிசையில் நிற்பவர்களில் பலர் இரவு படுக்க இடம் இல்லாதவர்கள். அவர்களோடு பேசிப் பழகியதில் எங்களுக்குத் தெளிவான ஒன்றைச் சொல்லவே இந்த மனு. அவர்களில் அநேகமாக யாரும் ஒரே நாளில் தெருவுக்கு வரவில்லை. பல வாரங்களுக்கு முன்பே ஏதோ ஓர் அரசு அலுவலகத்துக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தாலும் எதையாவது செய்தாக வேண்டும் என்ற கடமை அந்த அலுவலகத்துக்கு இல்லை. அந்தக் கடமையைச் சட்டத்தில் எழுதித் தாருங்கள் என்று கேட்கிறோம்.

ஆங்கிலப் படியும் சுலு மொழிப் படியும் இத்துடன் இணைத்துள்ளோம். எங்கள் மூத்தவர்கள் சிலர் தமிழில் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம் என்றார்கள். அது நியாயம்தான்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். இந்த மே மாதம் வரிசையில் வந்து நின்றபோது, மருத்துவமனையில் கட்டிய பிளாஸ்டிக் பட்டை அவர் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. கையில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள், கிளினிக் அட்டை, டிஸ்சார்ஜ் தாள். கால் புண்ணுக்காக வாரக்கணக்கில் வார்டில் கிடந்திருக்கிறார். அதற்கு முன் ஒரு வீட்டின் பின்புறம் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருந்தவர். வாடகை நின்றுபோனதும் வீட்டுக்காரர் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அடையாள அட்டையும் அந்தச் சாமான்களோடு போயிற்று. டிஸ்சார்ஜ் தாளில் முகவரி என்ற இடத்தில் அந்த அறையின் முகவரியே இருந்தது. அங்கே திரும்பிப் போக முடியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கட்டு மாற்றக் கிளினிக்குக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடை வாசலில் படுப்பவர் கால் புண்ணை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பார்?

யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. நர்ஸ்கள் தன்னை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள் என்று அவரே சொன்னார். அவர் தனியாக இருக்கிறார் என்று கிளினிக்குக்குத் தெரியும். உதவிப்பணம் எடுக்கப்படாமல் கிடப்பதைப் பணம் வழங்கும் அலுவலகம் பார்த்திருக்க முடியும். அவரை யாரும் பார்க்க வருவதில்லை என்று வார்டுக்குத் தெரியும். எல்லாரும் தங்கள் தங்கள் விதியைச் சரியாகத்தான் பின்பற்றினார்கள். அப்படியும் அவர் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார். இதுதான் எங்களைத் தூங்கவிடாத விஷயம்.

கணவர் இறந்த பிறகு ரேட்ஸும் (மாநகராட்சிச் சொத்து வரி) தண்ணீர்க் கட்டணமும் ஏறிக்கொண்டே போன ஆன்ட்டிகள் எங்கள் தெருக்களில் உண்டு. ஓய்வூதியம் வாங்குவோருக்கு ரேட்ஸ் சலுகை இருக்கிறது என்று பாக்கி நோட்டீஸ் அனுப்பியவர்கள் ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். சிறையிலிருந்து விடுதலையாகும் பையன், குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறும் பிள்ளை, அடி தாங்காமல் இரவில் வீட்டை விட்டு ஓடிவரும் பெண் என்று ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அரசு வாசலைத் தாண்டித்தான் தெருவுக்கு வருகிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடு இழந்த குடும்பங்கள் எத்தனை மாதம் மண்டபங்களில் கிடந்தன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்லவில்லை. அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, எல்லாருக்கும் தகுந்த குடியிருப்பைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 1998ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு குரூட்பூம் வழக்கிலும், 2011ஆம் ஆண்டு ப்ளூ மூன்லைட் வழக்கிலும் அரசியலமைப்பு நீதிமன்றம் அரசின் கடமையை ஐயமின்றிச் சொல்லிவிட்டது. இவை எல்லாம் எங்களுக்குப் பெருமை தருபவை. ஆனால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்வது வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான். அவுட்பில்டிங்கில் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் இருப்பவரின் வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் போவதில்லை. ஒரு சனிக்கிழமை பூட்டை மாற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அப்படிப் பூட்டை மாற்றுவது சட்டவிரோதம் என்பதும், வாடகைக் குடியிருப்புத் தீர்ப்பாயத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம் என்பதும் எங்களிடம் வருகிற பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. தெரியவரும்போது அறை கைமாறியிருக்கும்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றவர்கள் 55,719 பேர். 1996இல் இந்த எண்ணிக்கை 13,135. தெருவில் இருப்பவர்களை முழுவதும் எண்ணிவிட முடியாது. உண்மை இதைவிடப் பெரிது என்றே நினைக்கிறோம்.

எங்கும் இல்லாததைக் கேட்கவில்லை. வேல்ஸ் நாட்டின் 2014ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், 56 நாட்களுக்குள் வீடு இழக்கக்கூடியவருக்கு உதவி அதைத் தடுக்க முயல்வது உள்ளாட்சியின் கடமை என்றது. இங்கிலாந்து 2017இல் அதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. 2018 அக்டோபர் முதல் அங்கே மருத்துவமனை, சிறை, வேலைவாய்ப்பு மையம் போன்றவை, தங்களிடம் வருபவர் வீடற்ற நிலையில் இருப்பது தெரிந்தால், அவர் சம்மதத்தோடு உள்ளாட்சிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2025 மே மாதம் வேல்ஸ் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா அந்த 56 நாளை ஆறு மாதமாக நீட்ட முன்மொழிந்தது. வீட்டு நிலைமையைக் கேட்டறிந்து உரிய நடவடிக்கை எடுப்பதையும் பிற பொதுத் துறைகளின் கடமையாக்க முன்மொழிந்தது. அவர்கள் வசதி வேறு, நம் வசதி வேறு என்பது தெரியும். ஆனால் கேட்பதற்கும் தெரிவிப்பதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

ஆகவே 1998ஆம் ஆண்டின் மாகாணக் குடியிருப்புச் சட்டத்தைத் திருத்தியோ புதிதாக ஒன்றை இயற்றியோ இந்தக் கடமையைக் கொண்டுவருமாறு வேண்டுகிறோம். மருத்துவமனையில் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்யும் முன்பும், ரேட்ஸ் பாக்கிக்குக் கடைசி நோட்டீஸ் அனுப்பும் முன்பும், இல்லத்திலிருந்து ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும் முன்பும், “போக இடம் இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அவர் சம்மதத்தோடு மாநகராட்சியில் இதற்கென்று உள்ள ஓர் அதிகாரிக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். அந்த அதிகாரி “இது எங்கள் துறை இல்லை” என்று திருப்பி அனுப்ப முடியாதபடி சட்டம் இருக்க வேண்டும். அவர் கையில் சிறு நிதியும் வேண்டும். தொலைந்த அடையாள அட்டையைத் திரும்ப வாங்க 140 ராண்ட், ஒரு மாத வாடகைப் பாக்கி, இப்படிப்பட்ட சின்னத் தொகைகளில்தான் பலர் வாழ்க்கை சிக்கி நிற்கிறது. உதவிப்பணம் வழங்கும் சாசா, அடையாள அட்டை வழங்கும் ஹோம் அஃபேர்ஸ் போன்றவை மத்திய அரசின் கீழ் வருபவை என்பதை அறிவோம். 2005ஆம் ஆண்டின் அரசுகளுக்கிடையேயான உறவுகள் சட்டம் அவர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வழி தருகிறதே.

துறைகள் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதை 2020 கொரோனா ஊரடங்கின்போது டர்பன் கண்ணால் பார்த்தது. மாநகராட்சி கூடாரம் போட்டது. மருத்துவர்கள் வூங்கா என்ற ஹெராயின் கலந்த போதைப்பொருளுக்கு அடிமையானவர்களுக்கு மெதடோன் என்ற மாற்று மருந்து கொடுத்தார்கள், தொண்டு அமைப்புகள் சமைத்தன. அந்த அனுபவத்திலிருந்துதான் போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கு உதவும் பெல்ஹேவன் மையம் பிறந்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும் கூட்டு முயற்சியின் பெரும்பகுதி கலைந்துபோனது. அதைக் கட்டிக் காக்கச் சட்டம் எதுவும் இருக்கவில்லை.

சட்டத்தோடு மனமும் மாற வேண்டும். நடைபாதையில் படுப்பவரின் போர்வையைப் பறித்தால் இங்கே குளிர்காலமான ஜூலையில் அவர் அடுத்த தெருவுக்குப் போவார், வேறெங்கும் போகமாட்டார். படுத்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் துணைவிதிகளை மறுபரிசீலனை செய்யுங்கள். களத்தில் இருக்கும் காவலர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். எங்கள் சமூகத்துக்கும் இதில் வேலை உண்டு. “ஊர் என்ன சொல்லும்” என்று வீட்டுக் கஷ்டத்தை மூடி மறைக்கிறோம். போதைக்குப் போன மகனைப் பற்றி, அவன் வெளியே போன பிறகுதான் வாய் திறக்கிறோம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறிக் காலக் குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் இங்கே கொண்டுவந்து கொட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். வீட்டை விட்டுப் போ என்ற ஒரு தாள் என்ன செய்யும் என்பதை எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள், இப்போது அண்டை வீட்டாருக்கு அது நடக்கும்போது சும்மா இருக்கக் கூடாது.

எங்கள் பங்குக்குக் கோவில் அறிவிப்புப் பலகையில் தீர்ப்பாயத்தின் விவரங்களை மூன்று மொழிகளில் வைக்கிறோம். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாட்களில் மாநகராட்சி அலுவலர் ஒருவர் வந்து உட்கார மேசை போட்டுத் தருகிறோம். வரிசையில் நிற்பவர்களிடம் பேசித் தகவல் அனுப்பத் தொண்டர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் தகவலைப் பெற்றுக்கொள்ள அந்தப் பக்கம் ஒரு ஆள்தான் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல், சாட்ஸ்வொர்த்திலும் டர்பனின் மற்றொரு பகுதியான ஃபீனிக்ஸிலும் ஓராண்டு சோதனை முயற்சியாக இதைத் தொடங்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். எங்கள் குழுவைச் சேர்ந்த சிலர் தங்களை நேரில் சந்தித்து விவரம் சொல்ல ஒரு நாள் ஒதுக்கித் தரும்படியும், இம்மனுவுக்கு எழுத்துமூலம் பதில் தரும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சாட்ஸ்வொர்த்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அன்னதானக் குழுவினரும் குடியிருப்பாளர்களும்
(கையெழுத்துத் தாள்கள் இணைப்பில்)